ஆறு மசாலா பாக்கெட்டுகள்

அல்லிநகரம்
ஆவணி 3, செவ்வாய்

அன்புள்ள சுபாஸ்ரீக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். டப்ளினில் நீயும் சுந்தர்ராஜும் அப்படியே இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன். அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. நான்கு நாட்களாகச் சாரல். துணி எதுவும் காயவில்லை. சின்னமனூரில் என் நூலகத்துக் கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது, வார இதழ்களை எல்லாம் மேசைக்கு மாற்றி வைத்திருக்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ பாதியில் புகுந்துவிடுவாய், நான் மீதியை விட்டுவிடுவேன். எள்ளுப்பொடியும் முருங்கையிலைப் பொடியும் அனுப்புகிற சாக்கில் இதையும் பார்சலுக்குள் வைக்கிறேன். முதலில் இதைப் படி.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை நம் தெரு நலச் சங்கத்து ஆண்டு விழா. சமையலுக்கு ஆள் வைக்காமல் வீட்டுக்கு ஒரு பதார்த்தம். நீங்கள் அங்கே பாட்லக் என்று கூடுகிறீர்களே, அதேதான். போன வருடம் இப்படிச் செய்யப்போய்ப் பதினொரு வீட்டிலிருந்து புளியோதரை வந்தது. அதனால் இந்த வருடம் செயலாளர் வீரபாண்டி சீட்டு எழுதிக் குலுக்கினார். எனக்கு வந்த சீட்டில் சாலட் என்று இருந்தது. பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் எட்டிப் பார்த்து, "ஒனக்கென்னத்தா, நாலு வெள்ளரிக்காய நறுக்கி வச்சுட்டுக் கையக் கழுவிருவ. எனக்கு அம்பது பேருக்குச் சாம்பாரு விழுந்திருக்கு" என்றாள். நறுக்கி வைத்திருக்கலாம்தான். ஆனால் பந்தி மேசையைப் பார்த்துக்கொள்வது எப்போதும் உன் அய்யம்மா அத்தை. அதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். நீ பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து, இரண்டு வருடமாக, அத்தை நம் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. நான்கு வீடு தள்ளி இருக்கிறார், தினமும் வருவார், உட்காருவார், தன் தம்பியான அப்பாவோடு பேசுவார், என்னோடும் பேசுவார். தண்ணீர் மட்டும் தன் பாட்டிலில் கொண்டுவருவார். நீல மூடி போட்ட பாட்டில். நான் டம்ளரை நீட்டினால், "எங்கிட்ட இருக்குத்தா" என்பார். கோபம் இல்லாமல். போன வருட விழாவில் பதினொரு புளியோதரையில் என்னுடையதை மட்டும் தாண்டிப் போனார். தெரு பார்த்தது. மேகமலைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுப் பையன் என்பதைத் தவிர சுந்தர்ராஜிடம் அவர் வேறு குறை சொன்னதில்லை. அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

தெருவில் யாரும் பார்த்திராத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. உனக்குப் போன் செய்தேன். நீ வேலையில் இருந்தாய், உன் போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாய், சுந்தர்ராஜ் எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசியது அன்றுதான் முதல் தடவை. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எதுவுமே கூப்பிடாமல் பேசினார். சாலட் என்றதும் குரல் மாறியது. எளிதான ஒன்று இருக்கிறது, அடுப்பு வேலை பத்து நிமிடம்தான், இங்கே எந்த விருந்துக்கும் அதைத்தான் கொண்டுபோவோம், நானே குரல் பதிவில் வரிசையாகச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். நான்கு நிமிடப் பதிவு வந்தது. சின்ன வயதில் சின்னமனூர் விடுதியில் நூடுல்ஸை வேகவைக்க அடுப்பு கிடையாது, பாக்கெட்டோடு நொறுக்கித் தின்போம், அதுதான் இதற்கு மூலம் என்று நடுவில் ஒரு வரி. அந்த விடுதி என் நூலகத்திலிருந்து இரண்டு தெரு. அங்கே இருந்த பையன்கள் சாயங்காலம் பேப்பர் படிக்க வருவார்கள். அவரும் வந்திருப்பார். எனக்கு முகம் நினைவில்லை.

ஞாயிறு காலை உழவர் சந்தையில் முட்டைக்கோஸ் இரண்டு, கேரட், வெங்காயத்தாள். கோஸை நூலாக நறுக்கி ஈரம் போகத் துணியில் பரப்பினேன். ஆறு பாக்கெட் நூடுல்ஸ். நொறுக்குகிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். பூரிக்கட்டையால் முதல் பாக்கெட்டை மாவாக்கிவிட்டார், இரண்டாவதிலிருந்து பதம் வந்தது. துளி எண்ணெய் விட்டு வறுத்தால் பொன்னிறமாகிக் கலகலவென்று சத்தம். நிலக்கடலை, எள், தனித்தனியாக வறுத்தேன். எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, நல்லெண்ணெய், தட்டிய இஞ்சி ஒரு பாட்டிலில் குலுக்கி வைத்தேன். உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று பதிவில் வந்தது. அப்பாவுக்கு நல்லதுதான் என்று நினைத்துப் போனை அதோடு வைத்துவிட்டேன். நூடுல்ஸோடு வந்த மசாலா பாக்கெட் ஆறையும் வழக்கம்போல ஃபிரிட்ஜ் கதவில் செருகினேன். எல்லாவற்றையும் பந்தி தொடங்கும்போதுதான் கலக்க வேண்டும், முன்னால் கலந்தால் நமத்துப்போகும். அதனால் கோஸ் பேசினில், நூடுல்ஸ் டின்னில், சாறு பாட்டிலில். மூன்றாகக் கொண்டுபோனேன்.

சங்கக் கட்டட மாடி, தகரக் கூரை, சாரல் சத்தம். சாப்பாட்டுக்கு முன்னால் ஆண்டறிக்கை. நூலகத்தில் இருப்பவள் என்பதால் வாசிப்பது எப்போதும் என் தலையில்தான். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடலாம் என்று ஏறினேன். வீரபாண்டி பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஏழாவது பக்கத்தில் தட்டுகள் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மேடையிலிருந்து பந்தி மேசை நேராகத் தெரியும். அத்தை ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டே வந்தார். நம் பேசினில் நின்றார். டின்னைத் திறந்தார், பாட்டிலை முகர்ந்தார், என்னை ஒரு முறை பார்த்தார். நான் கழிவுநீர் வாய்க்கால் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார், வளையலை மேலே ஏற்றினார், டின்னையும் பாட்டிலையும் பேசினில் கொட்டி அடியிலிருந்து மேலாகக் கையால் கிளறினார். அவர் பார்க்கும் மேசையில் ஒரு பாத்திரம் கலக்காமல் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான் இருந்திருக்கும். பிறகு, கலந்த கை எதுவும் செய்கிறதைச் செய்தது. ஒரு கிள்ளு எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து வாயில் போட்டுக்கொண்டார். உப்பு பார்த்தார். மென்றார். பாதி மெல்லும்போதுதான் யார் வீட்டுப் பாத்திரம் என்பது நினைவு வந்திருக்க வேண்டும், தாடை நின்றது. துப்பவில்லை. நான் வாய்க்கால் வரியை இரண்டாம் முறை வாசித்தேன். அழுத்திச் சொல்கிறேன் என்று நினைத்து வீரபாண்டி கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள்.

நான் இறங்கி வந்தபோது அத்தை உப்பு ஜாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "ஏத்தா, உப்பே போடாமக் கொண்டாந்திருக்க. இத்தனை பேரு திங்கிறாக, யாரு சொன்னா ஒனக்கு இப்படிச் செய்யச் சொல்லி?" என்றார். சுபா வீட்டில் சொன்னார்கள், சொன்னபடி செய்தேன் என்றேன். பொய் இல்லை. முழுசும் இல்லை. ஒரு பச்சைமிளகாயையும் கீறிப் போட்டார். அதன் பிறகு தட்டில் வைத்துச் சாப்பிட்டார். நின்றபடியே, கொஞ்சம்தான். வாய்க்குள் நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. கூட்டம் முழுக்க அந்தச் சத்தம்தான். "பல்லு செட்டு வச்சவுக எல்லாம் சாம்பாருப் பக்கம் வாங்க, இங்கன ஒங்களுக்கு வேல இல்ல" என்று சண்முகத்தாய் கத்தினாள். மூன்றாவது வரிசைக்கு மிஞ்சவில்லை. அத்தை மட்டும் இரண்டு கரண்டி பேசினில் ஒதுக்கி மூடி வைத்தார், மாமாவுக்கு.

திரும்பும்போது ஒரே குடைக்குள் வந்தோம். பேசின் அவர் கையில். அத்தை பேசிக்கொண்டே வந்தார், யார் வீட்டு ரசம் நீர்த்துப்போனது, யார் கடையில் வாங்கித் தன் பாத்திரத்தில் மாற்றி வந்தது. இரண்டு வருடத்தில் அப்படிப் பேசியதில்லை. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதல் மூன்று வீடு வரைக்கும் நடந்தேன். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் தெரியாமல் சாப்பிட்டதை அவர் சாப்பிட்டதாக எப்படி வைத்துக்கொள்வது. அவர் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் சொல்லிவிட்டேன். மதினி, இதைச் சொல்லிக் கொடுத்தது சுபா இல்லை, சுந்தர்ராஜ். அவ்வளவுதான் சொன்னேன். அத்தை குடைக்கு வெளியே போனார். கேட்டைத் திறந்தார். பேசின் உள்ளே போனது.

திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. அப்பா, "வருவா, விடு" என்றார், ஆனால் வாசல் பக்கம் முகம் வைத்தே உட்கார்ந்திருந்தார். சொல்லியிருக்கக் கூடாது என்று புதன்கிழமை முழுக்க நினைத்தேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும். உப்பு பார்த்ததோடு விட்டிருந்தால், அடுத்த விழாவுக்கு இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று என்று மெல்ல மெல்ல வந்திருக்கலாம். இப்போது தண்ணீர் பாட்டிலோடு வருவதும் போனது. அப்பாவுக்கு இருப்பது ஓர் அக்காதான்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பத்து மணிக்கு அத்தை வந்தார். கையில் பேசின். வெறும் பாத்திரமாக அவர் யாருக்கும் திருப்பியதில்லை, அது உனக்குத் தெரியும். பேசின் நிறையப் பன்னீர் திராட்சை, கம்பத்திலிருந்து மாமா கொண்டுவந்ததாம். உட்கார்ந்தார். பாட்டில் இல்லை. மறந்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேச்சு. பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை. "ஏன் தம்பி, அந்தப் பையனுக்கு உப்புப் போடக்கூடத் தெரியலையே. உப்பில்லாமத்தான் எம்புள்ளைக்கு ஆக்கிப் போடுறானா? அது எளச்சுப்போய்க் கெடக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு ரெண்டு பேத்தையும் வரச் சொல்லு. எங்க வீட்டு அடுப்படியில வச்சு நான் காட்டித் தாறேன்." அப்பா சரி என்றார்.

அத்தை போன பிறகு அந்தப் பதிவை எடுத்து முழுவதும் கேட்டேன். உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள் என்கிற இடத்துக்குப் பிறகு இன்னும் அரை நிமிடம் இருக்கிறது. மசாலா பாக்கெட் ஆறையும் எலுமிச்சைச் சாற்றில் கலந்துவிடுங்கள், அதில் இருக்கிற உப்பே தாராளம் என்கிறார். தெளிவாக, நிதானமாக. நான் கேட்காமல் விட்டது. தப்பு முழுக்க என்னுடையது. அவரிடம் இதைச் சொல்லி நான் வருத்தப்பட்டதாகவும் சொல். அத்தையிடம் சொல்ல வேண்டாம். ஒரு உண்மையைச் சொல்லி அத்தை வராமல் ஐந்து நாள் இருந்தாயிற்று, இதைச் சொன்னால் அவர் எதற்காக வரச் சொல்லுவார். உப்பு போடத் தெரியாதவராகவே வந்து நிற்கட்டும். அத்தை சொல்லித் தரும்போது குறுக்கே பேசாமல் தலையாட்டினால் போதும்.

இன்னொன்று. அத்தையைப் பற்றி இவ்வளவு எழுதினேன். சுந்தர்ராஜின் அம்மா அப்பா வீட்டில் நானும் இன்னும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. யாரும் தடுக்கவில்லை, பாதை மோசம், பஸ் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு நான் தினமும் பஸ் பார்க்கிறேன். அடுத்த மாதம் அப்பாவும் நானும் போகிறோம். இதையே செய்துகொண்டு போகலாம் என்று இருக்கிறேன், அங்கே போய்க் கலந்துகொள்ளலாம். வரப்போவதை நீ அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடு. பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம் என்றும் சொல்.

காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ. போனை மறந்து வைத்துவிட்டுப் போகாதே, இந்த ஒரு தடவை போனது நல்லதாகப் போயிற்று. சித்திரைக்கு டிக்கெட்டை இப்போதே பார். வந்ததும் முதலில் அத்தை வீட்டுக்குப் போங்கள், நம் வீட்டுக்கு அப்புறம் வரலாம். சுந்தர்ராஜை இனிமேல் என்னை அத்தை என்றே கூப்பிடச் சொல். இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல், நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். அப்பா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்.

எள்ளுப்பொடிக்கு அடியில் ஒரு கவர் இருக்கும். அந்த ஆறு மசாலா பாக்கெட்டும் அதில் இருக்கிறது, ஒன்றும் பிரிக்கவில்லை. அவரிடம் கொடுத்துவிடு.

அன்புடன்
அம்மா
முத்துலட்சுமி தங்கப்பாண்டி