மிசிரு தேசத்துக் கிணற்றுப் பூட்டு

பிரிய மச்சான் கரீமுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. அச்சுக்குத்தான் கொடுக்கப் போகிறேன். ஊர் படிக்கட்டும், முக்கியமாக உன்னை உள்ளே தள்ளிய அந்த மாஜிஸ்திரேட் படிக்கட்டும்.

எனக்குக் கதை படிக்கிற பழக்கம் கிடையாது. கைலி மூட்டையைத் தலையில் சுமந்து விற்று ஆளானவன். மிசிரு என்று நாம் சொல்கிற எகிப்து தேசத்து அரபு நாவலை நீ தமிழாக்கியபோது, "இதை எவன் வாங்குவான்?" என்றுதான் கேட்டேன். நீ விடவில்லை, கடையில் உட்கார்ந்து படித்துக் காட்டினாய். ஊர்க் கிணற்றைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட ஒரு தலைவன். தண்ணீர் கேட்டவனுக்குச் சவுக்கடி. "வெள்ளைக்காரன் இதுல ஒரே தரம்தான் வர்றான் மச்சான், அதுவும் குதிரை மேல. மத்த அடியெல்லாம் நம்மாளு அடிக்கிற அடி" என்றாய். அப்போதுதான் எனக்குக் கதை பிடித்தது.

பத்திரிகையில் சில வாரம் வந்தது. நம் மாஜிஸ்திரேட்டோ குப்பத்துக் கிணற்றைத் தன் தோட்டத்தோடு வளைத்துப் பூட்டி வைத்திருந்தவர். எங்கேயோ எவனோ எழுதியதை, தன்னைப் பற்றி நீ எழுதியதாக நினைத்துவிட்டார். அதை வெளியே சொல்ல முடியுமா? வெள்ளைக்காரன் வருகிற ஒரு பக்கத்தைக் காட்டி, ராஜத்துரோகம் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தார். சிறைக்குப் போன நீ ஜுரத்தில் கிடந்து, உயிர் போய் மையித்தாகத்தான் வீடு வந்தாய்.

உன்னைப் பிடித்துக்கொண்டு போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. போலீஸ் உன் வீட்டுக்கு வந்து அச்சான தாள்களையெல்லாம் அள்ளியது. நம் வழக்கப்படி தமிழை அரபு எழுத்தில் நீ எழுதிய கைப்பிரதி அலமாரியில் இருந்தது. ஏட்டு அதில் கை வைக்கப் போனான். "கைகால் கழுவி ஒளு செஞ்சிட்டுத் தொடுங்க ஐயா" என்றாள் என் தங்கச்சி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். "வேதமாம்மா? அத்த அங்கயே வையி" என்று பின்வாங்கிவிட்டான். உன் பெண்டாட்டி நம் இரண்டு பேரையும்விடக் கெட்டிக்காரி.

அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி அச்சடித்துவிட்டேன். வெள்ளைக்காரன் வருகிற பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன், ராஜத்துரோகத்துக்கு இடமில்லை. மடிப்புக் கலையாமலிருக்கக் கைலிக்குள் தாள் வைப்போமே, அங்கேதான் இப்போது உன் கதை. கைலிக்கு ஒரு அத்தியாயம். மாஜிஸ்திரேட் வீட்டு வேலைக்காரர்கள் கட்டுவதும் என் கடைச் சரக்குதான்.

நேற்று அவருடைய குமாஸ்தா வந்தான்.

"இன்னா பாய், கைலிக்குள்ள இன்னாமோ காயிதம் வெச்சிக்கினு கீறியாமே?"

"மடிப்புக் காயிதம் நைனா. எல்லாக் கடையிலயும் வெக்கிறதுதான்."

"எங்க ஐயாவைப் பத்தி எழுதிகீதாமே!"

"இது மிசிரு தேசத்துக் கதை. உங்க ஐயா எப்ப கப்பல் ஏறினாரு?"

பக்கத்தில் நின்ற மீன்காரி, "அடப்பாவி, அங்கயும் போய்ப் பூட்டிட்டாரா?" என்றாள். குமாஸ்தா குடையைக்கூட எடுக்காமல் நடையைக் கட்டினான்.

நீ இருந்தால் மன்னித்துவிடச் சொல்வாயோ? சொல்வாய். அது உன் குணம். என் குணம் வேறு.

மானநஷ்ட வழக்குப் போடப் போகிறாராம். போடட்டும். கடை போனாலும் சரி, நான் உள்ளே போனாலும் சரி. வழக்குப் போட்டால், அந்தத் தலைவன் தான்தான் என்று கோர்ட்டில் அவரே சொல்லியாக வேண்டும். குப்பத்து ஜனங்களை முன்வரிசையில் உட்கார வைத்து, அவர் வாயால் அதைச் சொல்ல வைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அதுவரை உன் கதை இல்லாமல் ஒரு கைலியும் என் கடைப்படி இறங்காது.

உன் மனைவிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
தாவூது
கச்சேரி ரோடு, மயிலாப்பூர்