செத்ததாக நான் சொன்ன பேட்டரி

ஜூன் 9, 2004. புதன், இரவு.

எதிர்க்கடை ரஹீமை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. செத்துவிட்டது என்று நான் கைவிட்ட பேட்டரியைப் போட்டு, தண்டையார்பேட்டை வேன் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் வண்டியைக் கிளப்பிக் காட்டினான். தகட்டில் படிந்த உப்பைக் கரைக்கிற ஒரு சின்னப் பெட்டியை இரண்டு வாரம் மாட்டி வைத்தானாம்.

"இன்னா மாமு, பொணத்துக்கும் மயக்கத்துக்கும் வித்யாசம் தெரியாமயா இத்தினி வருசம் பேட்டரி கடை வெச்சிகினு கீற?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். மீன் வண்டி ஓட்டும் தாஸ் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ போன மாசம் நம்ம பேட்டரியும் சாவலியா நைனா?" என்று மெதுவாகக் கேட்டான்.

நான் கடைக்குத் திரும்பி வந்துவிட்டேன். போன மாதம் தாஸ் கொண்டுவந்தபோது, பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். பொறி வரவில்லை. புதுசு வாங்கு என்றேன், வாங்கினான். நான் பார்த்தது அவ்வளவுதான்.

தாஸ் விட்டுப்போன அந்தப் பழைய பேட்டரி இன்னும் என் கடைக்குள்தான் கிடக்கிறது. ரஹீம் திமிராக அதே மாதிரி ஒரு பெட்டியை என் மேஜைமேல் வீசிவிட்டுப் போயிருந்தான். கடையைப் பூட்டும் முன் அதைத் தாஸின் பேட்டரியில் மாட்டினேன். ஏமாற்று வேலை என்று நிரூபிக்கத்தான் மாட்டினேன்.

கடவுளே, அது செத்தே கிடக்கட்டும்.