அரபியில் ஒரு கேள்வி

11 ஜூன் 2002, செவ்வாய்

இன்றும் கோவில்பட்டிக்குப் போய் உரக்கடையில் நின்றேன். கடை பெரியத்தானுடையது, சவூதியில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு ஒரே அண்ணன். என் முன்னாலேயே சவூதி நம்பரைப் போட்டார். முதலாளி வீட்டு அம்மா எடுத்தாள். "நீயே கேளும்மா" என்று ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டார். ஒரே அரபி. ஒரு சொல் பிடிபடவில்லை. வைத்துவிட்டேன்.

கல்யாணமான வருசமே போனவர். சொந்தக் கரிசலில் ஆடு மேய்த்தது போதாதென்று விமானம் ஏறிப் போய் ஆடு மேய்க்கிறார். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை முதலாளி வீட்டுக்கு வந்து கடைக்குப் போன் செய்வார்; பெரியத்தான் என்னைக் கூட்டிவர ஊருக்கு ஆள் அனுப்புவார். தீபாவளிக்குப் பிறகு அதுவும் இல்லை. ஆட்டை ரொம்பத் தூரத்துக்கு மாற்றிவிட்டார்களாம், அங்கே போன் கிடையாதாம் – பெரியத்தான் சொன்னது. எழுதிப் போடலாமென்றால் அவருக்குக் கையெழுத்துக்கு மேல் வராது.

"பணம் வருதுல்லா, அப்ப நல்லாத்தான் இருக்கான்" என்கிறார் பெரியத்தான். மார்கழியோடு ஒப்பந்தம் முடிகிறது. வருவாரா? நன்றாக இருக்கிறாரா? யாரிடம் போய்க் கேட்பேன்?

14 ஜூன், வெள்ளி

ஆள் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழையும் இல்லை, ஆளும் இல்லை.

23 ஜூன், ஞாயிறு

பஸ் ஸ்டாண்டில் தமிழ் வழியாக அரபி படிக்கும் புத்தகம் ஒன்று வாங்கினேன். உலகத்தில் ஆயிரக்கணக்கான மொழிகள் உண்டாம். வேற்று மொழி படித்தால் வேலை கிடைக்கும், வியாபாரம் பெருகும், அறிவு விரியும், அயல்நாட்டாரோடு நட்பு வளரும் என்று முன்னுரையில் அடுக்கியிருக்கிறார். புருசன் எங்கே என்று விசாரிக்கலாம் என்று ஒரு வரி இல்லை. எழுதியவர் ஆம்பளையாகத்தான் இருப்பார்.

பெரியத்தான் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பத்தாங்கிளாஸ்ல இங்கிலீஷே உனக்குத் தண்ணி காட்டுச்சு. இப்ப அரபியா?" நானும் சிரித்து வைத்தேன். எரிச்சலாக வந்தது.

2 ஜூலை, செவ்வாய்

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பாண்டியம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்தவள். நான் வாசிக்க வாசிக்க வாயைப் பொத்திச் சிரித்தாள். இந்தப் பேச்சை அங்கே யாரும் பேச மாட்டார்களாம்.

நீயே எனக்காகப் பேசிவிடேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "சொல்லித் தாரேன். ஆனா அந்த ஊரு எசமானிக சத்தத்த இன்னொரு தடவ காதுல வாங்க என்னால முடியாது." என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

வா, போ, கொண்டா, கழுவு, சீக்கிரம் – அவளுக்கு வருவதெல்லாம் இப்படித்தான். "எனக்குத் தெரிஞ்சது பூராவும் என்னைய ஏவுன அரபிதாண்டி. நான் யாரையும் கேள்வி கேட்டதில்லயே." வெகுநேரம் யோசித்து 'வேன்' என்றால் எங்கே என்று எடுத்தாள். துடைப்பம் எங்கே, குழந்தை செருப்பு எங்கே என்று அந்த வீட்டுக்காரி கத்துவாளாம். 'சவுஜி' என்றால் என் புருசன். அதுவும் அவள் தன் புருசனைத் திட்டித் திட்டி இவளுக்குப் படிந்தது.

வேன் சவுஜி. என் புருசன் எங்கே. இதைத்தான் ராத்திரி பகலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

17 ஜூலை, புதன்

ஆடுகளிடம் அரபி பேசிப் பார்த்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

31 ஜூலை, புதன்

பெரியத்தானுக்குத் தெரியாமல் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனேன். அன்று கடையில் அவர் போடும்போது பார்த்து வைத்த நம்பர். 'வேன் சவுஜி, சோலைமுத்து' என்று கேட்டேவிட்டேன். அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. சந்தோஷப்படுவதற்குள் பதில் மடை திறந்துகொண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேள்வியை மட்டும் படித்துக்கொண்டு போயிருக்கிறேன், பதிலைப் பற்றி நினைக்கவே இல்லை. என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

"அப்ப அவ என்னெல்லாம் சொல்லலாமோ அதெல்லாம் படிச்சுக்கோ" என்றாள் பாண்டியம்மாள் அக்கா. நாள் கிழமை, சொந்தபந்தம் எல்லாம் படித்த பிறகு, அவள் தயங்கித் தயங்கிச் சொல்ல மற்றதையும் படித்தேன். நோய். ஜெயில். ஓடிவிட்டான். இறந்துவிட்டான். மனப்பாடம் செய்துகொண்டே அழுதேன். அவளும் அழுதாள்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

மறுபடியும் பேசினேன். 'சுவய், சுவய்' – மெல்ல, மெல்ல – என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்த அம்மா குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் பயந்து படித்த நான்கு சொல்லும் வரவில்லை. நல்லா இருக்கான் என்றாள். குல் ஜும்மா என்றாள் – வெள்ளிக்கிழமைதோறும். டெலிபோன் என்றாள். அகூ என்றாள் – அவன் அண்ணன்.

நம்ப முடியாமல் திரும்பச் சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னாள். வெள்ளிக்கிழமைதோறும் சோலைமுத்து தன் அண்ணனோடு போனில் பேசுகிறான்.

21 ஆகஸ்ட்

வெள்ளிக்கெழம தோறும் பேசியிருக்காவ. அண்ணனும் தம்பியும். நான் இங்கன ரோட்டப் பாத்துக்கிட்டு கெடந்திருக்கேன். செத்துட்டாவளோன்னு அரபில படிச்சேனே பாவி – எதுக்கு மறைச்சாவ? நான் என்ன செஞ்சேன்?

23 ஆகஸ்ட், வெள்ளி

கடைக்கு அவர் பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். அந்த அம்மா என் குரலைக் கேட்டதும் 'யா பிந்தி' – மகளே – என்றாள். பிறகு அவரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"யாரு?"

"நாந்தான்."

"என்னோட பேச மாட்டேன்னு சொல்லிட்டியாமே. நீ கோவமா இருக்கதா அண்ணன் சொன்னாவ. இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வரட்டும்னு நீதான் சொன்னதாவும் சொன்னாவ."

"நான் சொன்னத உங்க காதால கேட்டீங்களா?"

"அண்ணன் சொன்னா நீ சொன்ன மாதிரின்னு இருந்துட்டேன்."

வந்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது பெரியத்தான்மேல் இருந்ததைவிட இவர்மேல்தான் கோபம் அதிகமாக இருந்தது. முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு என் குரல் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதம் என் குரல் கேளாமல் இவரால் இருக்க முடிந்திருக்கிறதே. அதுதான் ஆறவில்லை.

25 ஆகஸ்ட், ஞாயிறு

பெரியத்தான் வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை. "வானம் பொய்ச்சுட்டு. அவன் பணத்துல போர் போட்டாத்தான் நிலம் நிக்கும். நீ ஒரு தடவ அழுதேன்னா அவன் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவான். உங்களுக்கும் சேத்துத்தாம்மா செஞ்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை; பூதம் நான்தான் போலிருக்கிறது.

6 டிசம்பர், வெள்ளி

வருகிறேன் என்றுதான் சொல்கிறார். ஆனால் என்னோடு பேசிய பிறகு கடைக்கும் பேசுகிறார். அங்கே பெரியத்தான் என்ன சொல்கிறாரோ.

12 ஜனவரி 2003, ஞாயிறு

இவர் வந்து ஐந்து நாளாகிறது. வெயிலில் கறுத்து, இளைத்து வந்திருக்கிறார். நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. சோறு போடுகிறேன், சாப்பிடுகிறார். கைகழுவிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்.

இன்று காலையில் பெரியத்தான் வந்தார். பொங்கல், ஆடு, மழை என்று சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தார். "விசா புதுப்பிக்க நமக்கு ஆள் இருக்கு. இன்னும் ஒரு ரெண்டு வருசம்தான். என்னலே சொல்லுத?"

நான் அடுப்படியில் இருந்தேன். அண்ணன் சொல்லுக்கு இவர் தலையாட்டாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"அவகிட்ட கேளுங்கண்ணே" என்றார் இவர். "அவ இங்கனதான இருக்கா."

பெரியத்தான் அடுப்படிப் பக்கம் திரும்பினார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தேன்.