வெற்றிலைப் பெட்டிக்கு வளைந்த திரை

திரு நிறைக. ஏழ்குன்ற நாட்டை ஆளும் நெடுங்கோ வேளின் ஆணைப்படி, கழிமுக நாட்டுப் பேரரசி வெண்ணி நாச்சியார் திருமுன்பு, தங்கள் மறுமொழி வரும் வரை மட்டும் ஒளித்திரை நாயகமாக இருக்கும் ஆதன் கிழார் எழுதிவிடுக்கும் ஓலை. தங்கள் உப்பளங்கள் வெண்மையாய் விளைக. தங்கள் படகுகள் கரை தவறாது சேர்க.

மூன்று நாள் முன்பு, தொலைவில் உள்ளோரைக் காட்டும் எங்கள் ஒளித்திரையின் வல ஓரத்தில் தாங்கள் தோன்றி, உப்புக்கு மிளகு என்னும் உடன்படிக்கைக்காக வணங்கியருளினீர்கள். எம் அரசரோ தாங்கள் முகம் திருப்பிக்கொண்டதாகக் கண்டு, சினந்து, உப்பு வழியை அடைத்தார். அன்று முதல் அரண்மனைக் குழம்பும் சப்பென்று இருக்கிறது. பிழை தங்களுடையது அன்று, அரசருடையதும் அன்று. திரைக்கலையில் கரைகண்டவர் என்று தம்மைத் தாமே ஊரெங்கும் சொல்லித் திரிந்த இந்த ஆதன் கிழாருடையது.

இருபது முழ அகலத் தட்டைத் திரையில் நடுப்பகுதி கண்ணுக்கு அருகிலும் ஓரங்கள் தொலைவிலும் இருக்கும். ஓரத்து உருவம் சாய்வாகத் தெரியும். கண் இருக்கும் இடத்தில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையைச் சுழற்றி, அந்த வட்டத்தில் திரையை வளைத்தால், எல்லாப் பகுதியும் அந்த ஒருவருக்குச் சம தொலைவில் வந்துவிடும். இதை விளக்கத் தொடங்கினால் கிழாருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அவையோர் கொட்டாவி விட்டதை வியப்பில் வாய் பிளந்ததாகவே எண்ணிக்கொண்டார். ஆனால் கயிற்றை அரியணையில் அமர்ந்தல்லவா பிடிக்க வேண்டும்? அரசர் அல்லாதார் அதில் அமர்ந்தால் தலை தங்காது. ஆகவே ஐந்து முழம் இடப்புறம் தள்ளி, அடைப்பைக்காரர் எயினன் வெற்றிலைப் பெட்டியுடன் நிற்கும் இடத்தில் நின்று பிடித்து, அவைத் திரையை வளைத்தார். பிறகு அந்த ஐந்து முழத்தை அடியோடு மறந்தார்.

நேற்று அவையில் போர் முரசுக்குத் தோல் மாற்றும் பேச்சு எழுந்தது. அப்போது எயினன் பணிந்து, பேரரசியார் நேரே பார்த்துச் சிரித்த முகமாகவே வணங்கினார் என்றும், தம் வாழ்நாளில் ஒரு முகத்தை இத்தனை தெளிவாகக் கண்டதில்லை என்றும் சொல்லி, கிழார் ஐயா திரையை இந்த வெற்றிலைப் பெட்டிக்காரனுக்காகவா வளைத்தார் என்று வினவினார். அரசர் திரையின் அதே ஓரத்தில் கிழாரின் உருவத்தைக் காட்டச் செய்தார். அரியணையிலிருந்து பார்த்து, இந்த ஆளும் முகத்தைத் திருப்புகிறாரே என்றார். இறங்கிவந்து எயினன் இடத்தில் நின்று பார்த்து, இப்போது அசடு வழிவது முழுதாகத் தெரிகிறது என்றார். அவை சிரித்த சிரிப்பில் முரசை எல்லோரும் மறந்தனர்.

ஆகையால் அரசர் ஆணை: ஒருவர் தனித்து அமர்ந்து நான்கு சுவடிகளை அருகருகே விரித்துப் பார்க்கும் எழுத்து மேசைகளில் இனி அகன்ற வளைதிரை நிற்கும், பலர் கூடிப் பார்க்கும் அவையிலும் இல்லத்திலும் தட்டைத் திரையே நிற்கும். எங்கள் பக்கத்து உப்பு வழி இன்றே திறந்தாயிற்று. தங்கள் பக்கம் தங்கள் மனத்தைப் பொறுத்தது. வரும் முழுமதி நாளில் இன்னொருமுறை வணங்கியருள வேண்டும். அன்று வெற்றிலைப் பெட்டியை ஆதன் கிழார் ஏந்தி நிற்பார். வாய் திறக்க மாட்டார்.

இவ்வோலை சுருண்டே வந்து சேரும். நிமிர்த்திப் படித்தருள்க. வளைவைப் பற்றி இனியும் ஒரு சொல் எழுதத் துடிக்கும் கிழாரின் கையிலிருந்து எழுத்தாணியைப் பிடுங்கி, ஏழ்குன்ற இலச்சினை இட்டு முடித்தது நெடுங்கோ வேளின் கை.