அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும், அப்பா

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்து ரிட்டயர் ஆகி, கடைசி வரைக்கும் என்னை 'ஆத்தா'ன்னே கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

ஒங்க கருமாதி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சுப்பா. அம்மா வேளைக்குச் சாப்பிடுறாங்க. தம்பி செந்தில் மாடிப்படிக்குக் கைப்பிடி வச்சுட்டான், நீங்க சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அதே கைப்பிடி. எனக்கு இந்த மாசம் பாதி நாளு ஸ்டாண்ட்பைதான். எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் உக்காந்தேன். ஆனா நான் நல்லா இல்ல. ஏன்னு சொல்றேன். நாலு பேரு படிக்கட்டும்னேதான் எழுதுறேன்.

நான் பைலட் வேலைக்குச் சேந்த புதுசுல ஸ்டாண்ட்பைன்னா என்னன்னு அம்மாவுக்கு விளக்கி மாளல. எந்த பைலட்டாச்சும் வர முடியாமப் போனா, அவருக்குப் பதிலாப் போக நான் ரெடியா இருக்கணும், கூப்பிட்ட ஒடனே கெளம்பணும், கூப்பிடாமலும் போகலாம்னு சொன்னேன். "வீட்டுல சும்மா குந்தியிருக்கவா சம்பளம் குடுக்குறாங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. நீங்கதான், "அட இவ ஒருத்தி. டிப்போவுல ஸ்பேர் டிரைவர் இருக்கான்ல, அதான். அவன் இல்லாட்டி வண்டி எப்படிடி கெளம்பும்?"ன்னு ஒரே வரியில முடிச்சீங்க. என் வேலை நம்ம வீட்டுல ஒங்களுக்குத்தான் மொதல்ல புரிஞ்சுச்சு.

ரெஸ்ட் விதியும் அப்படித்தான். ஒரு டூட்டிக்கும் அடுத்த டூட்டிக்கும் நடுவுல இத்தன மணி நேரம் பைலட் தூங்கியே ஆகணும், அந்த நேரத்துல ஆபீஸ்கூடக் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னப்ப ஒங்களுக்கு அவ்வளவு சந்தோசம். ஓய்வறையில படுத்திருக்குற டிரைவர யாராச்சும் எழுப்பப் போனா நீங்க சண்டைக்கே போயிருவீங்களாமே. ஒங்க கூட வேல பாத்தவங்க கருமாதிக்கு வந்தப்ப அதச் சொன்னாங்க.

அப்பேர்ப்பட்ட மனுசன், என்னை மட்டும் ஏன் தூக்கத்துலயே எழுப்பிக்கிட்டு இருந்தீங்கன்னு எனக்கு அப்பல்லாம் புரியல. மாசா மாசம் என் டூட்டி ரோஸ்டர ஒங்களுக்கு அனுப்புனேன். நீங்க அதப் பாத்து காலண்டர் தாளுல பொடி எழுத்துல குறிச்சு வச்சிருந்தீங்கன்னு அம்மா சொல்லுவாங்க. அப்படியும் ராத்திரியெல்லாம் ஓட்டிட்டு வந்து படுத்திருப்பேன், காலையில பத்து மணிக்கு ஒங்க போன் வரும். சாயங்காலம் வெட்டியா உக்காந்திருக்குறப்ப வராது. பாக்காமலே பாத்தேன்னு சொல்றாரு மனுசன்னு நெனச்சேன். எரிஞ்சு விழுந்திருக்கேன். நீங்க ஒரு தடவகூட ஏன் கோவப்படுறேன்னு கேக்கல.

கருமாதிப் பந்தியில அத்தை என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. "எங்க அண்ணன் குடுத்து வச்சவருடி. மக ஓட்டுன பிளேன்லயே போயிட்டு வந்துட்டாருல்ல. அந்தத் தெருவுல யாருக்குடி கெடைக்கும்?" பக்கத்துல இருந்தவங்களும் ஆமா ஆமான்னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க என் பிளேன்ல ஏறுனதே இல்லியே.

கொல்லைப்பக்கம் செந்தில இழுத்துட்டுப் போயிக் கேட்டேன். அவன் என்னைய ஒரு மாதிரிப் பாத்தான். "ஆடி மாசம் வந்தாருல்ல? நான்தான டிக்கெட் போட்டேன், நீ குடுத்து வச்ச பாஸ்வேர்டுல, ஒன்னோட ஸ்டாஃப் டிக்கெட். போயி நின்னதும் அவ அசந்துரணும், நீ வாயத் தொறக்காதன்னாரு. ஒன்னையப் பாத்துப் பேசிட்டுத்தான திரும்புனாரு?"

பிளேன்ல எடம் காலியா இருந்தா பெத்தவங்க அந்த டிக்கெட்டுல ஏறிக்கலாம். ரெண்டு வருசமா, "ஒரு நாளு கூட்டிட்டுப் போறேம்பா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கூட்டிட்டுப் போகல. நீங்களே கெளம்பி வந்திருக்கீங்க.

எந்தத் தேதின்னு கேட்டு என் பதிவேட்டப் பாத்தேன். அன்னைக்கு நான் திருச்சியில இருந்து சென்னைக்கு ஓட்டுனது நெசம்தான். ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு, சென்னையில இருந்து போயித் திரும்புனப்ப. நீங்க ஏறுனது முன்பகல் பிளேனு. ரோஸ்டர்ல பதினொன்றரைன்னு போட்டிருந்துச்சு, நீங்களும் பதினொன்றரை மணியச் சுத்திக் கெளம்புற பிளேனாப் பாத்து ஏறியிருக்கீங்க.

எங்க ரோஸ்டர்ல நம்ம ஊரு நேரத்தப் போட மாட்டாங்கப்பா. ஒலகம் பூராவுக்கும் பொதுவா ஒரு நேரம் இருக்கு, அதுலதான் போடுவாங்க. நம்ம கடிகாரத்துக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும். எனக்கு அது பழகிப்போயி, கண்ணு பாக்குறப்பவே மனசு கூட்டிக்கிரும். ஒங்ககிட்ட அத நான் சொல்லவே இல்ல. ஒரு வரி. அந்த ஒரு வரியச் சொல்லாம மாசா மாசம் அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன்.

வெடியக்காலம் ரெண்டரைக்கு நான் எறங்குனா, ஒங்க காலண்டர்ல அது முந்தின ராத்திரி ஒம்பது மணி. நல்லாத் தூங்கி எந்திரிச்சிருப்பான்னு பொறுத்துப் பொறுத்துப் பாத்துத்தான் பத்து மணிக்குக் கூப்பிட்டிருக்கீங்க. சாயங்காலம் நான் டூட்டியில இருப்பேன்னு நெனச்சு கூப்பிடாம இருந்திருக்கீங்க. வாழ்க்கை பூரா வண்டி போற நேரத்தையும் வர்ற நேரத்தையும் எழுதுன ஆளு நீங்க. ஒங்களப் போயி நேரம் பாக்கத் தெரியாதவருன்னு நெனச்சேன் பாருங்க, என்னைய எதால அடிக்கிறது?

அன்னைக்கும் வெடியக்காலம் வந்துதான் படுத்திருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்ன ஒங்க போன். பின்னால ஏதோ அறிவிப்புச் சத்தம் கேட்டுச்சு. பஸ் ஸ்டாண்டுல பழைய கூட்டாளிகளோட நிக்கிறீங்கன்னு நெனச்சேன். "ஆத்தா, எங்க இருக்கே?"ன்னு கேட்டீங்க. "தூங்கிக்கிட்டு இருக்கேம்பா. ரெஸ்ட்ல இருக்கேன். ரோஸ்டரப் பாத்துட்டுக் கூப்பிடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? நீங்க என் வேலைக்கே ஒல வச்சிருவீங்க போலருக்கு"ன்னேன்.  "சரி தாயி, தூங்கு"ன்னீங்க. நான்தான் கட் பண்ணேன்.

சென்னை ஏர்போர்ட்டுல நீங்க நின்ன எடத்துல இருந்து பல்லாவரத்துல என் வீடு பத்து நிமிசம். முகவரி ஒங்க பையில எப்பவும் இருக்கும். ஏம்பா வரல? நான் இப்ப நெனக்கிறது இதுதான். காக்பிட்டுல இருந்து வேற ரெண்டு பேரு எறங்கி வர்றதப் பாத்திருப்பீங்க. மகளுக்கு ரெஸ்ட் குடுத்துட்டு ஸ்பேர் ஆளப் போட்டுட்டாங்கன்னு நீங்களா முடிவு பண்ணியிருப்பீங்க. டூட்டிய மாத்தி ரெஸ்ட் குடுத்திருக்காங்கன்னா ரொம்பக் களைச்சிருக்கான்னு நெனச்சிருப்பீங்க. தூங்குற டிரைவர எழுப்ப விடாத ஆளாச்சே நீங்க. கெளாம்பாக்கம் போயி பஸ் ஏறிட்டீங்க.

அதுக்கப்புறம் நீங்க என்னைய ஒரு நாளும் கூப்பிடல. நானாக் கூப்பிட்டாத்தான் பேசுவீங்க. இதச் சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா சொல்லிர்றேன்: அப்ப எனக்கு அது நிம்மதியா இருந்துச்சு. ஒருவழியா ரோஸ்டர் பாக்கக் கத்துக்கிட்டாருன்னு நெனச்சேன்.

நீங்க எங்கள விட்டுப் போன அன்னைக்கும் நான் ஸ்டாண்ட்பைதான். ஆபீசுக்கு ஒரே ஒரு போன். ரெண்டு நிமிசத்துல வேற ஆளப் போட்டு என்னைய அனுப்பிட்டாங்க. பிளேன்ல எடமே இல்ல, காக்பிட்டுல பின்னால இருக்குற மடக்கு சீட்டுல உக்காந்து வந்தேன். இவ்வளவு லேசா நடக்குற காரியத்த, நீங்க இருந்தப்ப ஒரு தடவ ஒங்களுக்காகச் செய்ய எனக்கு ஏன் தோணல?

போன வாரம் நம்ம அன்னவாசல் வீட்டுக்கு வந்தப்ப அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நிமுந்துகூடப் பாக்கல. "தெரியும்"னாங்க.

"ஒனக்கும் ஒங்கூட ஓட்டுற பைலட்டுக்கும்னு ஆதனக்கோட்டை முந்திரிப்பருப்பு ரெண்டு பொட்டலம் கொண்டு போனாரு. ரெண்டும் அப்படியே திரும்பி வந்துச்சு. கேட்டதுக்கு, புள்ள அசந்து தூங்குது, போயி எழுப்பிப்புட்டேன்டி, எம் மேலதான் தப்புன்னாரு. மறுநா ஒங்க அத்தை வந்து கேட்டா. பாக்கலன்னு சொன்னா ஒன்னையத்தான பேசுவாக? அப்பன் வந்து நிக்கிறப்ப ஏறிட்டுப் பாக்கலன்னு ஊரு சொல்லும்ல? அதான், மக ஓட்டுச்சு, குலுங்காமக் கொண்டாந்து எறக்குச்சுன்னு சொல்லிட்டாரு. நானும் ஆமான்னுட்டேன்."

கீரைய ஓரமா வச்சுட்டு, "ஒங்கப்பாவா நேரத்தத் தப்பாப் பாத்தாரு?"ன்னு நம்பாமக் கேட்டாங்க. அவரு பாத்ததுல தப்பு இல்லம்மா, நான் சொல்லாம விட்டதுதான் தப்புன்னேன். "யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. ஒன்னையக் காப்பாத்தத்தான் அந்த மனுசன் பொய்யே சொன்னாரு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

அம்மா சொல்றது ஞாயம்தான். ஆனா அப்பா, என்னால அந்தப் பொய்க்குள்ள ஒளிஞ்சு நிக்க முடியல. தெருவுல போனா நிறுத்தி வச்சு என்னையப் பாராட்டுறாங்க. அப்பனத் தன் பிளேன்லயே வச்சு ஓட்டுன மகளாச்சேன்னு ஒரு டீச்சர் என் கையக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதாங்க. அந்தக் கையாலதான் நான் போனக் கட் பண்ணேன்.

தலைத் தெவசத்துக்கு எல்லாரும் வருவாங்க. அத்தை மறுபடியும் ஆரம்பிப்பாங்க. இந்தத் தடவ தலை குனிஞ்சு நிக்க மாட்டேன், இது சத்தியம். ஒங்கப்பா நீ ஓட்டுன பிளேன்ல வந்தாராமேன்னு யாரு கேட்டாலும் சொல்லுவேன்: இல்ல. என்னையப் பாக்கத் தனியா வந்தாரு. என் வீட்டுக்குப் பத்து நிமிசத் தூரத்துல நின்னு கூப்பிட்டாரு. நான் தூங்கணும்னு சொன்னேன், அதுக்காகத் திரும்பிப் போயிட்டாரு.

ஒங்கள நேரம் பாக்கத் தெரியாதவருன்னு நெனச்ச,
ஒங்க மூத்த மக