தெரியலைங்க என்றேன்

ஞாயிற்றுக்கிழமை.

காலையில் ஆபீஸ் கவிதாவும் நானும் தருமபுரி டவுனுக்குள் சைக்கிளில் நிதானமாகச் சுற்றிவிட்டு, வழியில் டீ குடித்துவிட்டு, மண்டபத்தில் நடக்கும் போட்டோ கண்காட்சிக்குப் போனோம். உள்ளே மூன்றாவது படமே எங்க அப்பா. எங்க ஊர் சித்தேரி ரோட்டில், செருப்பில்லாமல், தலையில் சாமை மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்கிறார். கீழே ‘முதுமை’ என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. அந்த மூட்டை டவுனில் இருக்கும் எனக்குக் கொண்டு வந்ததாகத்தான் இருக்கும்.

“பாவம்ங்க. இவருக்குப் புள்ளைங்க யாரும் இல்லையா?” என்றாள் கவிதா.

“தெரியலைங்க” என்றேன்.

ஆபீஸில் அப்பாவை ரிட்டயர்டு வாத்தியார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்காக அவ்வளவு சட்டென்று வாயில் வந்திருக்க வேண்டாம்.

பிறகு கவிதா அந்தப் படத்துக்கு முன்னாலேயே என்னை நிற்க வைத்து செல்ஃபி எடுத்தாள். நானும் சிரித்தேன். எனக்கும் அப்பாவுக்கும் ஒரே மூக்கு. அவள் கவனிக்கவில்லை. அதில் ஒரு நிம்மதி வேறு எனக்கு. சீ.

திரும்பும்போது மிதிக்கவே முடியவில்லை. செயின் சரியில்லை என்று சொல்லி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். அதுவும் பொய்தான்.

அப்பாவும் நானும் சேர்ந்து இருக்கும் ஒரே போட்டோ இப்போது கவிதா போனில் இருக்கிறது. அனுப்பச் சொல்லலாம். எதற்கு என்று கேட்பாள்.