பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள்

இன்று காலை எதிர் அறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தீய்ந்த வாசனை என் வாசல் வரைக்கும் வந்ததும், அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஒருத்தர் விடாமல் கண்ணில் வந்து நின்றார்கள். நான். என் மகள் தேவி. வீட்டுக்காரர் முனுசாமி. தொண்டு நிறுவனத்துப் பெண் ஜெனிபர். உன் மகன் சேகர். அப்புறம் நீ, என் கூடையிலிருந்து எடுத்த மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டு, காலில் போட்ட கட்டு தெரியாமல் புடவையை இறக்கிக் கட்டிக்கொண்டு.

தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நான் பூ விற்கிற இடத்துக்குப் பின்னால்தான் நீ படுத்திருப்பாய். உனக்குச் சர்க்கரை. இன்சுலின் மருந்தை டீக்கடை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தாய். கடை லீவு என்றால் ஊசியும் லீவு. பாதத்தில் ஆறாத புண். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, "வீட்டுக்குப் போய் காலைக் கீழ வைக்காம படுங்கம்மா" என்று அனுப்புவார்கள்.

"எந்த வூட்டுக்குடி போவேன்?" என்று என்னிடம் வந்து சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது.

நோயோடு தெருவில் கிடப்பவர்களுக்கு வாடகை அறை பிடித்துத் தருகிறார்களாம் என்று கேள்விப்பட்டு, ஜெனிபரின் ஆபீசுக்கு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். வாடகையை அவர்களே கட்டுவார்கள். நர்ஸ் வந்து கட்டு மாற்றுவாள். மருந்து வைக்கச் சின்ன பிரிட்ஜ். ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்கு மட்டும்தான். பம்மலில் எங்கள் தெருவிலேயே, என் வாசலுக்கு எதிரே அறை கிடைத்தது.

"சீக்காளிக்கு வூடு வுட்டா பேஜாரும்மா" என்றார் முனுசாமி.

"உனக்கு நாளைக்கு சீக்கு வராதுன்னு எவன்யா எழுதிக் குட்த்தான்?" என்றேன். சாவியை எடுத்துத் தந்தார்.

சத்தமில்லாமல் குடி வந்திருக்கலாம். நீ கேட்டால்தானே!

"பால் காய்ச்சறப்ப பெத்த புள்ளைக்கு சொல்லாம வுட்டா நல்லாவா இருக்கும்?"

"அந்தப் புள்ளதான்டி உன்னைத் தெருவுல வுட்டுது."

"அவன் இன்னா பண்ணுவான், வூடு சின்னது."

டீக்கடைக்காரரின் போனை வாங்கி நீயே அவனைக் கூப்பிட்டாய்.

சேகர் இஸ்திரி போட்ட சட்டையில், விருந்துக்கு வந்தவன் போல வந்தான். பால் பொங்குகிற நேரத்தில் கத்த ஆரம்பித்தான். "எங்கம்மா இன்னா அநாதையா? நான் உசுரோட இருக்கறப்ப தர்ம வூட்லயா தங்கணும்? மானம் போவுது!"

ஜெனிபர் உன் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க சொல்லுங்க. மகனோட போயிட்டா இந்த ரூமை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க. என்னால நிறுத்த முடியாது."

நீ தலையாட்டினாய். "புள்ளையோட போறேம்மா."

உன் முகத்தில் எத்தனை பெருமை! ஆட்டோவில் ஏறும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவனுடைய மானம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பூக்கூடையோடு நான் போன ஒரு காலையில் நீ பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாய். அறைக்கு அதற்குள் சிறுநீரகம் கெட்ட ஒருத்தி வந்துவிட்டாள். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? வேறு அறை கேட்டதற்கு, உனக்கு முன்னால் பெரிய வரிசை நிற்கிறது என்று ஜெனிபர் அழாத குறையாகச் சொன்னாள்.

புண் எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம், "ஆறிகினு வர்துடி" என்றாய். புடவையை விலக்கிப் பார்க்க விடவில்லை. நாற்றம் என் மல்லிகையை மீறி வந்த பிறகுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலை எடுத்தார்கள். அப்படியும் நீ பிழைக்கவில்லை.

முனுசாமியை விட்டுவிட்டேன்; உனக்கு மாலை வாங்கி வந்தார். ஜெனிபரையும் விட்டேன், பிள்ளை இருந்தால் வீடும் இருக்கும் என்று எழுதி வைத்த புண்ணியவான் அவள் இல்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்து என் காலில் விழுந்த சேகரை, வாய் வலிக்கத் திட்டித் தீர்த்து அவனையும் விட்டாயிற்று. ஆனால் ஆறியிருக்க வேண்டிய புண் அது. உனக்காகக் கதவு திறந்து, கட்டில் காத்துக் கிடக்க, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டினாயே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. என் கட்டை வேகிற வரைக்கும் நான் மன்னிக்காத ஒரே ஆள் நீதான், கன்னியம்மா.